நானூற்றுப் பன்னிரண்டு மழை

"எஸ் அடிச்சாச்சா, அம்மிணி?" என்று கனகசபாபதி படுக்கையறைக்குள்ளிருந்து கேட்டபோது சம்பூரணம் எடுத்து வை என்பதற்கான எஸ் எழுத்தை அடித்து, சமக்குறி போட்டு, பக்கத்தில் சங்கம் என்று பெயரையும் அடித்து, அந்தக் கறுப்புத் திரை கேட்ட கேள்விக்கு ஒய் என்று பதிலும் சொல்லி முடித்திருந்தாள். இந்தப் பெயரில் பெட்டி இல்லையே, உண்டாக்கட்டுமா என்பதுதான் கேள்வி. எந்தப் புதுப் பெயரைச் சொன்னாலும் அது இப்படித்தான் கேட்கும், ஒய் என்றால் உண்டாக்கும், வேண்டாம் என்பதற்கு என் அடித்தால் சும்மா கிடக்கும். ஏற்கெனவே இருக்கிற பெட்டி என்றால் ஒன்றும் கேட்காது, வாயை மூடிக்கொண்டு வாங்கி உள்ளே போட்டுக்கொள்ளும். ஊரில் எல்லோருக்கும் மெயில் என்றால் கலர் கலராக, படம் படமாக, விரலால் தொட்டால் திறந்துகொள்கிறது. இந்த மனுஷனுக்கு மட்டும் தொண்ணூற்றாறில் கற்றுக்கொண்ட இந்தக் கரும்பலகைதான் வேதம். மவுஸ் கிடையாது, படம் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து அடிக்க வேண்டும். சரி, அது அவர் பாடு என்று இத்தனை வருஷம் இருந்தாள். ஆனால் ரிட்டயர் ஆகி நாலு மாதம் கழித்து ஆபீசிலிருந்து சுற்றறிக்கை வருகிறது, பழைய மெயில் எல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு சரி, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அதைப் படித்துவிட்டு அவர் செவ்வாய்க்கிழமை போய்க் கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வருகிறார். ஒரு வாரத்துக்குத் திரை பக்கமே திரும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, சாப்பிட்ட தட்டு கழுவாமல் தொட்டியில் கிடக்க, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுக் கடிதத்தையும் பெயர் சொல்லிப் பிரித்து அவர் மடிக்கணினிக்குள் பெட்டி பெட்டியாகப் போடுகிற வேலை யார் தலையில் விடியும்? "ஆச்சுங்க," என்றாள் சம்பூரணம். "அடுத்து என்ன பேருங்க?"

அடுத்து காஸ், அதற்கடுத்து கார், ஆஸ்பத்திரி, விதைக் கமிட்டி. அவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் மல்லாந்து கிடந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல இவள் அடித்தாள். பெயர் வைத்துப் பிரிப்பது அவளுக்கு ஒன்றும் புதிதில்லை. முப்பத்தோரு வருஷம் காலேஜ் லைப்ரரியில் இதைத்தானே செய்தாள், எத்தனை ஆயிரம் புத்தகத்துக்கு நம்பர் ஒட்டியிருப்பாள். ஒரு பொருளை என்ன பெயரில் வைக்கிறோம் என்பதில்தான் அது பின்னால் கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கிறது என்று அட்டெண்டர்களிடம் கரடியாய்க் கத்தியிருக்கிறாள். ஒரு கெமிஸ்ட்ரி புத்தகத்தைக் கொண்டுபோய்க் கதை அலமாரியில் செருகிவிட்டால் அதைத் திருடன் கொண்டுபோனதும் ஒன்று, அங்கே இருப்பதும் ஒன்று. அந்த ஞானம் இப்போது எதற்கு வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. காஸ் கம்பெனிக்கு ஒரு பெட்டி. போன வருஷம் விற்றுத் தொலைத்த காருக்கு ஒரு பெட்டி. கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு பெட்டி, அது இந்த வாரம்தான் அறிமுகம். அவர் மூச்சு வாங்குகிற ஒவ்வொரு முறையும் சம்பூரணம் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள், இப்போது சொல்வார், சம்பூரணம்னு ஒண்ணு போடு என்று சொல்வார். "சம்..." என்றபோது அவளுக்கு மூக்கு நுனிவரை சூடு ஏறியது. "சம்பத்து மெயிலெல்லாம் விதைக் கமிட்டியிலயே போட்டுரு," என்றார் அவர். நல்ல கூத்து. சம்பத்துக்கு இடம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று அவள் பிரிக்க ஆரம்பித்த பத்தாவது நிமிஷத்திலேயே தெரிந்துபோயிருந்தது, ஆனால் அதைத் தொட மனசு வராமல் சுற்றிச் சுற்றி வந்தாள். இந்தக் குவியலில் அவளுடைய கடிதம் ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட. இரண்டாயிரத்து ஒன்றிலிருந்து, இவர் மடியில் செல்போன் வந்து விழுகிறவரைக்கும், பதினைந்து வருஷம் லைப்ரரி கம்ப்யூட்டரிலிருந்து வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று அனுப்பியிருக்கிறாள். அவர் ஆபீசில் ஒரே போன், அதுவும் டைரக்டர் மேஜையில், வீட்டுக்காரி கூப்பிட்டால் அவருக்குக் கூச்சம். அதனால்தான் இந்த மெயில் ஏற்பாடே. வரும்போது பால், காய்கறி, மாமாவுக்கு மாத்திரை, கரண்டு போய்விட்டது, சாவி எதிர்வீட்டில், தலைவலிக்கிறது சீக்கிரம் வாங்க. அது எல்லாம் எங்கே? எங்கே என்றால் என்ன அர்த்தம், படித்தார், அழித்தார், அவ்வளவுதான். பால் வாங்கியாகிவிட்டால் பால் கடிதம் எதற்கு? நியாயம்தானே? ஆனால் நியாயமாக இருப்பதற்கெல்லாம் வயிறு எரியாமல் இருக்கிறதா என்ன? காஸ் சிலிண்டர் புக் ஆனதைக்கூட ஒரு மனுஷன் பத்து வருஷமாக வைத்திருக்கிறார். எஸ்தர் சுகிர்தாவின் கடிதங்கள் இருக்கின்றன. முழுசாக இருக்கின்றன. இந்தப் பெயரைத்தான் அவள் தொடாமல் சுற்றிக்கொண்டிருந்தாள், திரையில் பத்து வரிக்கு ஒரு வரி அது நின்றுகொண்டு பல்லைக் காட்டியது. அனுப்பினவர் பெயரைச் சொல்லித் தேடினால் எத்தனை என்று திரை சொல்லிவிடும். சம்பூரணம் தேடினாள். நானூற்றுப் பன்னிரண்டு.

எஸ்தர் நாகர்கோவில் பக்கத்துக்காரி, அங்கே அவளும் இவரைப்போலவே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மழை அளக்கிறவள். காலையில் எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுகிற வேலை. அந்த எண்களை நிலையங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ள வேண்டும், அது வேலை, அதில் சம்பூரணத்துக்கு ஒரு குறையும் இல்லை. எண்ணை மட்டும் அனுப்பினால் குறையில்லை. அவள் ஒன்றைத் திறந்து பார்த்தாள், படிப்பதற்காக இல்லை, எந்தப் பெட்டிக்குரியது என்று தெரிய வேண்டாமா, அதற்காக. 'கே.எஸ்., நேற்று எங்களுக்கு நாற்பத்திரண்டு. உங்களுக்கு? ஜாடியைத் திறந்தால் உள்ளே ஒரு தவளைக் குஞ்சு உட்கார்ந்திருக்கிறது. அது குடித்த மழையை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?' கீழே இவருடைய பதிலும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. 'எங்களுக்குப் பதினேழு. தவளையைக் குழாயில் ஊற்றிப் பார்க்கவும்.' சம்பூரணம் அந்த வரியை மூன்று முறை படித்தாள். இந்த மனுஷனா? தவளையைக் குழாயில் ஊற்றிப் பார்க்கவும் என்று எழுதுகிற ஆளா இவர்? வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றுவார், கை கால் கழுவுவார், காபியா டீயா என்றால் ஏதோ ஒண்ணு என்பார். முப்பத்தாறு வருஷத்தில் அவர் இவளைச் சிரிக்க வைத்தது மொத்தம் நாலு தடவை இருக்கும், அதில் இரண்டு தடவை அவர் வழுக்கி விழுந்தது. ஒரு தவளைக் குஞ்சு. அதை என்னிடம் சொன்னால் குறைந்தா போய்விடும்? நானும்தான் கேட்டிருப்பேனே, அது என்ன நிறம், அப்புறம் அதை என்ன செய்தார்கள் என்று. உப்பு போதுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிற மனுஷன், அங்கே போய் இந்தப் பேச்சுப் பேசுகிறார். சொக்குப்பொடிதான் போட்டிருப்பாள் என்று நினைத்தாள், உடனே சே, வயசு ஐம்பத்தொன்பது ஆகிறது என்ன பேச்சு இது என்றும் நினைத்தாள், நினைத்ததை விடவும் இல்லை.

அப்புறம் அந்தக் கத்திரிக்காய். அது வந்தே தீரும் என்று அவளுக்குத் தெரியும், எஸ்தர் என்ற பெயர் எந்தப் பக்கம் தலை காட்டினாலும் பின்னாலேயே கத்திரிக்காய் வந்து நிற்கும். இரண்டாயிரத்து ஒன்பதில் கோயமுத்தூரில் ஏதோ கருத்தரங்கு, எஸ்தர் வந்திருந்தாள். வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தார். பார்த்தால் ஒன்றும் சொல்கிறாற்போல் இல்லை. மெலிந்த உடம்பு, சாம்பல் நிறக் காட்டன் சேலை, முன்பல் ஒன்று லேசாக எத்து. பார்த்ததும் சம்பூரணத்துக்கு நெஞ்சில் பால் வார்த்தது என்றே சொல்லலாம், இதுதானா என்று. அன்பாகவே இலை போட்டாள். எண்ணெய்க் கத்திரிக்காய் செய்திருந்தாள், அவள் கைக்குப் பேர்போன கறி, கல்யாணமான நாளிலிருந்து வாரம் இரண்டு தடவை அந்த வீட்டில் அதுதான். கரண்டியோடு அவர் இலைப் பக்கம் குனிந்தபோது எஸ்தர் சாதாரணமாக, ரொம்பச் சாதாரணமாக, "ஐயோ, சாருக்குக் கத்திரிக்காய் ஆகாதுல்லா?" என்றாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் முகம் கழுவின சுவர் மாதிரி இருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போடு," என்றார். போட்டாள். தின்றார். இருபத்திரண்டு வருஷம் தின்ற அதே முகத்தோடு தின்றார். பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை பெண்டாட்டியிடம் சொல்லத் தெரியாதவருக்கு நானூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளிடம் சொல்லத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்றிருந்தது. அதற்குப் பதிலாக வாரம் இரண்டு என்பதை மூன்றாக ஆக்கினாள். என்றைக்காவது வாயைத் திறந்து சொல்லட்டும் என்று பதினாலு வருஷமாக வறுத்தும் வதக்கியும் குழம்பு வைத்தும் போட்டுப் பார்க்கிறாள், கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து தின்கிறாரே தவிர மூச்சு விடக் காணோம். இன்றைக்கும் அதுதான். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என்ன தெரிந்ததோ, தடவித் தடவி எடுத்துத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்தார்.

"மணி என்னாச்சு?" என்றார் உள்ளேயிருந்து. மூன்றே முக்கால். "சொட்டு மருந்து நாலு மணிக்குங்க, நான் வர்றேன்," என்றாள். "மிச்சம் எவ்வளவு இருக்கு?" நானூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்து, "கொஞ்சந்தாங்க," என்றாள். அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சங்கம் சொன்னார், கார் சொன்னார், சம்பத்தைச் சொன்னார், எஸ்தரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டாரா? மறக்கிறதாவது. சொல்லக் கூச்சம். பெண்டாட்டி கையால் பெட்டி செய்து அதில் எஸ்தரை உட்கார வைக்கச் சொல்ல நாக்கு எழவில்லை, அவளாகப் பார்த்துச் செய்யட்டும் என்று இருக்கிறார். செய்யாவிட்டால்? சும்மா இருந்தாலே போதுமே என்று தோன்றியது. அழிக்கக்கூட வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்து மணிக்கு ஆபீஸ்காரனே சாத்திவிடுவான். யார்மேலும் குற்றம் கிடையாது. இருபது வருஷ மழை, தவளை, கத்திரிக்காய், எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேரும். நீங்கள்தான் சொல்லவில்லையே என்பாள். சொட்டு மருந்து விடும்போது அவர் அண்ணாந்து வாயை லேசாகத் திறந்துகொண்டிருந்தார், கட்டுப் பிரித்த கண் சிவந்து, நீர் வழிந்து, கோழிக் குஞ்சு மாதிரி. இவரிடம் போய் என்ன பழி. ஆனால் இரக்கம் வந்தால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னது, இரண்டும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தன. "ஏதாச்சும் விட்டுப்போச்சுங்களா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க," என்று ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாள். அவர் யோசித்தார். "இல்ல, அம்மிணி. முக்கியமானதெல்லாம் ஆச்சு," என்றார். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

நாலு பத்து. நானூற்றுப் பன்னிரண்டு பொருள் கண்ணெதிரில் கிடக்க, அது போகட்டும் என்று விட லைப்ரரிக்காரியின் கை ஒப்பவில்லை. கரையான் அரித்த புத்தகத்தைக்கூட மூன்று கையெழுத்து வாங்காமல் அவள் வெளியே போட்டதில்லை. அழியவும் கூடாது, அவருக்குச் சுலபமாகக் கிடைக்கவும் கூடாது. கெமிஸ்ட்ரியைக் கதை அலமாரியில் செருகுவது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எஸ்தர் என்ற பெயரில் தேடுவார், இருக்காது. மழை என்று தேடுவார், இருக்காது. வேர்த்து விறுவிறுத்துக் கேட்பார், எங்கே போட்டாய் என்று அந்தப் பெயரை வாயால் சொல்லிக் கேட்பார். அப்போது சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது, தன் பெயரிலேயே பெட்டி செய்து அதில் போட்டுவிட்டால் என்ன? காஸுக்கு உண்டு, காருக்கு உண்டு, கட்டினவளுக்குத்தான் ஒரு பெட்டி இல்லையே, நானே செய்துகொள்கிறேன். எஸ்தருக்கு என்ன எழுதினார் என்று பார்க்க ஆசை வந்தால் மனுஷன் ஒவ்வொரு தடவையும் சம்பூரணம் என்று முழுசாக அடித்து, என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். சாகிற வரைக்கும். சிரிப்பு வந்தது. அனுப்பினவர் பெயரைச் சொல்லி எல்லாவற்றுக்கும் குறி வைத்தாள், வரிக்கு வரி நட்சத்திரம் விழுந்துகொண்டே போனது. எஸ் அடித்தாள். சமக்குறி. சம்பூரணம், எழுத்தெழுத்தாக. என்டரைத் தட்டிவிட்டு, உண்டாக்கட்டுமா என்று கேட்கப்போகும் கேள்விக்காக ஒய் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அது கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நானூற்றுப் பன்னிரண்டையும் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டது. விரல் ஒய் மேலேயே இருந்தது. கேட்காமல் விட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், மத்தியானத்திலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் தெரிந்தது தலைக்குப் போய்ச் சேர நேரம் பிடித்தது. அந்தப் பெயரில் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. திறந்தாள். ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்தொன்பது என்றது திரை. நானூற்றுப் பன்னிரண்டைக் கழித்துப் பார்த்தாள், ஆயிரத்து நூற்று அறுபத்தேழு. தேதி வரிசைப்படி மேலிருந்து கீழே வந்துகொண்டே இருந்தது, அவள் லைப்ரரி கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பியவை. வரும்போது பால். சாவி எதிர்வீட்டில். மாமாவுக்கு மாத்திரை. தலைவலி. நடு நடுவே எஸ்தர், நாற்பத்திரண்டு மில்லிமீட்டர், பதினொன்று, மழை இல்லை, மறுபடி பால். கடவுளே என்று சொன்னது சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. "என்ன, அம்மிணி?" என்றார் அவர். "ஏனுங்க, என் பேர்ல ஒரு பொட்டி இருக்குதுங்களே?" "ஆமா, இருக்கும். உன்னுது வந்த அன்னிக்கே எடுத்து அதுல போட்டுருவேன். மத்ததுதான் போட்டது போட்டபடி கெடக்கும், நேரமே ஒழிய மாட்டேங்குது." சொல்லிவிட்டு, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதுபோலக் கொட்டாவி விட்டார். பால் வாங்கின பிறகும் பால் கடிதம் எதற்கு என்று கேட்க நினைத்தாள், வாயில் வேறொன்றுதான் வந்தது. "எஸ்தரம்மா அனுப்புனதெல்லாம் அதுலயே கொட்டிட்டனுங்க," என்றாள், பெயரைத் தானே முதலில் சொல்லிவிட்டது அப்புறம்தான் உறைத்தது. "எஸ்தரா?" என்றார் அவர், மறந்துபோன குடையை யாரோ கொண்டுவந்து கொடுத்தாற்போல. "அட ஆமா, அது ஒண்ணு இருக்குதில்ல. கலந்துருச்சா?" "கலந்துருச்சுங்க." "சரி, கலந்தே கெடக்கட்டும், என்ன இப்ப."

கலந்தே கிடக்கட்டுமா? ஆயிரத்து நூற்று அறுபத்தேழு கடிதத்தோடு சொந்தமாகக் குடியிருந்த வீட்டில், அது தனக்கு இருந்ததே ஐந்து நிமிஷம் முன்னால்தான் தெரிந்த வீட்டில், தன் கையாலேயே அவளைக் கொண்டுவந்து குடி வைத்துவிட்டு, என்ன இப்ப என்றா இருப்பது? சம்பூரணத்துக்கு வந்த ரோஷத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. மணி நாலு இருபத்தைந்து. கலந்தது அவர் மடிக்கணினியில் இருக்கிறது, ஐந்து மணி இனி அதை ஒன்றும் செய்யாது, அவசரமே இல்லை, ஆனாலும் இன்னொரு நிமிஷம் பொறுக்க அவளால் முடியவில்லை. மறுபடி எஸ்தர் பெயரைச் சொல்லிக் குறி வைத்தாள், நட்சத்திரங்கள் அவளுடைய பாலுக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒவ்வொன்றாக முளைத்தன. எஸ், சமக்குறி, எஸ்தர். உண்டாக்கட்டுமா என்று கேட்டது திரை, மரியாதையாக. போ, உனக்கும் ஒரு வீடு இருக்கட்டும், என் வீட்டுக்குள் மட்டும் வராதே என்று ஒய்யைத் தட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு மழையும் எழுந்து போயிற்று. அவை போன இடத்தில் அவளுடையவை ஒன்றோடொன்று நெருங்கி நின்றன, ஒரு தவளை இல்லை, ஒரு சிரிப்பு இல்லை, வாங்கி வரச் சொன்ன சாமான்தான் பக்கம் பக்கமாக. இதையா ஒருவர் எடுத்து வைப்பார்? எல்லாவற்றுக்கும் மேலே போய், முதன்முதலில் அனுப்பினது எது என்று திறந்து பார்த்தாள். இரண்டாயிரத்து ஒன்று, ஜூலை, ஒரே வரி. 'வரும்போது கத்திரிக்காய் அரைக் கிலோ வாங்கி வரவும், முத்தல் வேண்டாம்.' அடுத்ததைத் திறந்தாள், அது பால். அதற்கடுத்தது மறுபடி கத்திரிக்காய். அன்றைக்கு அவர் வாங்கி வந்தது ஞாபகம் இருக்கிறது, ஒன்றுகூட முத்தல் இல்லாமல், காம்பு பச்சையாக, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த பிஞ்சு. உள்ளே அவர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. "ஏனுங்க," என்றாள், திரையைப் பார்த்தபடியே. "ராத்திரிக்கு என்னங்க பண்ணட்டும்?" அவர் சொன்னார், "ஏதோ ஒண்ணு பண்ணு. மத்தியானக் கத்திரிக்காய் மிச்சம் இருந்தா அதே போதும்."